முள் வரிசை

"அப்போ இந்தச் சாம்பல் யாரோடது?"

"என்னோடதுதான் அண்ணா."

"குப்பையை எரிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்பிட்டுப் போயிடறேன்."

"எதுக்கு? தோலைப் பார்த்தாலே தெரியுதே. கத்தரிக்காய்தான். நானே சுட்டேன், நானே தின்னேன்."

"எப்போ?"

"தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை. அப்புறமும் ரெண்டு மூணு தடவை."

கையில் துவரைக் குச்சிக் கட்டைப் பிடித்தபடி லீலாதர் பேண்டாளே அப்படியே நின்றார். மத்தியான விருந்துக்கு நெருப்பு மூட்ட இடம் பார்க்கத்தான் அவர் வயலின் இந்த மூலைக்கு வந்தார். பழைய குச்சிக் குவியலைக் காலால் ஒதுக்கியபோது அடியில் சாம்பல் தெரிந்தது. சாம்பலுக்குள் கருகிச் சுருண்ட தோல்கள்.

அவருக்கு எதிரே நின்றவள் தம்பி மனைவி ஹேம்லதா. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து கணவனின் அண்ணன் எதிரில் அவள் தலையில் முந்தானை இல்லாமல் நின்றதில்லை. இப்போது காற்றில் அது தோளுக்கு நழுவியிருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளக் கை போனது. பாதி வழியில் கையே வேண்டாமென்று நின்றுவிட்டது.

"சாதுர்மாசத்துல," என்றார் லீலாதர். அவர் குரல் உயரவில்லை. உயராததுதான் பயம். "என் வயல்ல."

"வீட்டு வாசப்படியைத் தாண்டல. நீங்க சாமிகிட்ட சொன்னது வீட்டைப் பத்தித்தானே. வயலைப் பத்தி இல்லையே."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

"படிக்க வெச்சிருந்தா படிச்சிருப்பேன்."

கரஞ்சோத் ஊரில் பேண்டாளே வீட்டின் விரதத்தைத் தெரியாதவர்கள் இல்லை. சாதுர்மாசம் தொடங்கும் ஆஷாட ஏகாதசியிலிருந்து சம்பா ஷஷ்டி வரை, ஏறக்குறைய ஐந்து மாதம், கான்தேஷ் பகுதியில் நிறைய வீடுகளில் கத்தரிக்காய் சமைப்பதில்லை. பாதிப் பேர் நடுவிலேயே தளர்த்திக்கொள்வார்கள். லீலாதர் தளர்த்தியதில்லை. மகள் சேதனா மூன்று வயதில் மஞ்சள் காமாலை வந்து கண் சொருகிக் கிடந்தபோது, மலை மேல் கண்டோபா சந்நிதியில் நின்று அவர் கொடுத்த வாக்கு அது. குழந்தை பிழைத்தது. கத்தரிக்காயை வைத்தே பிழைக்கும் வீட்டில், மழைக்காலம் முழுக்க அந்த வாடைகூட வராது.

இன்று சம்பா ஷஷ்டி. விரதம் முடியும் நாள். சுட்ட கத்தரிக்காயை மரத்தொட்டியில் இடித்துப் பரித் செய்து, கம்பு மாவு உருண்டையோடு கண்டோபாவுக்குப் படைத்துவிட்டு, மனிதர்களும் சாப்பிடலாம்.

அதோடு இன்று இன்னொன்றும் இருந்தது. கரஞ்சோத் கத்தரிக்காயை ஊரின் பேரில் தனி ரகமாகப் பதிவு செய்ய வேண்டுமென்று லீலாதர் பல வருடங்களாக அலைந்துகொண்டிருந்தார்; அதற்கான அதிகாரி இன்று மத்தியானம் வயலைப் பார்க்க வருகிறார். வெளிர்பச்சையில் பால் வெள்ளைக் கோடு, உள்ளங்கை கொள்ளாத பருமன், முள் இல்லாத காம்பு. செடிக்குச் செடி, காய்க்குக் காய் ஒன்றுபோல இருக்க வேண்டும். இருந்தது, இந்த ஒரு வரிசையைத் தவிர.

வயலின் கிழக்கு ஓரத்தில் ஹேம்லதாவின் வரிசை. அதில் எந்தச் செடியும் பக்கத்துச் செடியைப் போல இல்லை. ஒன்றில் கோலிக்குண்டு அளவு காய். ஒன்றில் ஊதாப் பட்டை. ஒன்று இலை, காம்பு, தண்டு எல்லாவற்றிலும் முள். கல்யாண வீட்டுக்குப் போனால் மற்ற பெண்கள் மணப்பெண்ணின் நகையைப் பார்ப்பார்கள். ஹேம்லதா கொல்லைக்குப் போய், பாத்திரம் கழுவிய தண்ணீரில் தானாக வளர்ந்து நிற்கும் கத்தரிச் செடியைப் பார்ப்பாள். திரும்பும்போது முந்தானை முடிச்சில் கொஞ்சம் விதை இருக்கும்.

லீலாதர் குச்சிக் கட்டைக் கீழே போட்டார்.

"சாம்பல் விஷயத்தை அப்புறம் பேசுவோம். அது எனக்கும் சாமிக்கும். இந்த வரிசை விஷயத்தை இப்பவே முடிக்கணும். மத்தியானம் அவர் வர்றதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது. நேத்தே சொன்னேன்."

"நேத்தே மாட்டேன்னு சொன்னேன்."

"ஏன்னு சொல்லல."

"நீங்க கேக்கல. உத்தரவு போட்டுட்டு எழுந்து போயிட்டீங்க."

லீலாதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "சரி, இப்போ கேக்குறேன். ஏன்?"

ஹேம்லதா பெரிய வயல் பக்கம் கையை நீட்டினாள்.

காலை வெயில்தான். அதற்குள்ளேயே அங்கங்கே செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. மழை விட்டதிலிருந்து இப்படித்தான். முதலில் உச்சி வெயிலில் வாடி, சாயங்காலம் நிமிர்ந்தன. பிறகு நிமிரவில்லை. போன வாரம் லீலாதர் ஆள் வைத்துச் செத்த செடிகளைப் பிடுங்கிக் கரையில் குவித்தார். ஊர்க் கூட்டத்தில் 'தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு' என்று சமாளித்தார். பிடுங்கிய இடங்கள் விழுந்த பல்லைப் போலத் தெரிந்தன.

கிழக்கு ஓர வரிசையில் ஒரு செடிகூட வாடவில்லை.

"அதனால?" என்றார் லீலாதர்.

"அதனாலதான்."

"ஹேமா, கேளு. ஜள்காவ் சந்தையில கரஞ்சோத் காய்னு சொன்னா வியாபாரி மூட்டையைப் பிரிச்சுப் பார்க்காம எடுக்கிறான். ஏன்? மேல இருக்கிற காயும் அடியில இருக்கிற காயும் ஒண்ணுபோல இருக்கும். அந்தப் பேரை எடுக்க எங்க அப்பா காலத்துலேர்ந்து உழைச்சிருக்கோம். உன் முள்ளுச்செடியில தேன் குடிச்ச பூச்சி என் பூவுல வந்து உக்காந்தா, அடுத்த வருஷம் என் விதையில பாதி முள்ளு. முள்ளு இருந்தா கூலிக்காரன் கையை வைக்க மாட்டான். நான் சொல்றது பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்புறம்?"

"உண்மைதான். ஆனா உங்க விதை இந்த மண்ணுல நிக்கலையே. ஒண்ணுபோல இருக்கு. ஒண்ணுபோல சாகுது."

அந்த வார்த்தை அவரைத் தைத்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஹேம்லதாவின் ரவிக்கையில் செருகியிருந்த செல்போன் அடித்தது. கணவன் யுவராஜ். வாழைத்தார் லாரியோடு வடக்கே போயிருப்பவன்.

"என்னடி சண்டையாம்? அண்ணன் நேத்து ராத்திரி போன்ல சொன்னாரு."

"சண்டை இல்ல. வரிசையைப் பிடுங்கணுமாம்."

"பிடுங்கிடேன். ஒரு நாள் கூத்து. அதிகாரி போனதும் மறுபடி நட்டுக்கலாம். அப்புறம் பார்த்துக்கலாம்."

"விதைக் காய் இன்னும் பழுக்கல. இப்போ பிடுங்கினா அப்புறம்னு ஒண்ணு கிடையாது. ஒரு கல்யாணத்துல விதை எடுத்தேனே, அந்தச் சோனாபாய் வீட்டுச் செடி அவங்க வீட்டுலயே இப்போ இல்ல, தெரியுமா? இங்க மட்டும்தான் இருக்கு."

"இங்க சிக்னல் சரியா..."

"சிக்னல் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி டீக்கடைக்காரன் பேசுறதுகூடக் கேக்குது."

போன் வைக்கப்பட்டது. லீலாதர் அதைப் பார்க்காதவர் போல வானத்தைப் பார்த்தார்.

"ஆளைக் கூப்பிடறேன்," என்றார்.

"ஆளெல்லாம் வேண்டாம். பிடுங்கணும்னா நீங்களே பிடுங்குங்க. உங்க கையால."

"சவாலா?"

"எப்படி வேணா எடுத்துக்குங்க."

அவர் வரிசையின் தலைமாட்டுக்குப் போனார். முதல் செடியை அடித்தண்டில் பற்றினார். முள் ஏறியது. கையை உதறிவிட்டுத் தோள் துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி பற்றினார். கரிசல் மண் சுலபமாக விடுவதில்லை. இரண்டாம் இழுப்பில் வேரோடு வந்தது.

"அது மாமியார்," என்றாள் ஹேம்லதா.

"என்னது?"

"அந்தச் செடிக்கு நான் வெச்ச பேரு. தொட்டா குத்தும்."

"எங்க அம்மாவைச் சொல்றியா?"

"பொதுவாச் சொன்னேன்."

வேறொரு நாளாக இருந்தால் லீலாதர் சிரித்திருப்பார். அவர் அம்மாவைப் பற்றி ஊரே அப்படித்தான் பேசியது. உதடு கொஞ்சம் அசைந்து அடங்கியது. அடுத்த செடியை நோக்கிக் குனிந்தார்.

அதற்குள் ஹேம்லதா இரண்டாம் செடியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் முள். மடியில் கை.

லீலாதர் நிமிர்ந்தார். தம்பி மனைவியைத் தொட்டு விலக்குவது அந்த வீட்டில் நடக்காத காரியம். அவள் மேல் கை படாமல் செடியைப் பிடுங்கவும் முடியாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். இத்தனை வருடமாக அவளைத் தள்ளி நிறுத்திய வழக்கத்தையே இன்று அவள் வேலியாகப் போட்டுக்கொண்டாள்.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"ஹேமா."

"அண்ணா, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஆனா எழுந்திருக்க மாட்டேன்."

அந்த நேரத்தில் வாழைத் தோட்டத்து வரப்பில் ஒரு குரல் கேட்டது.

"காகு, வரிசைக்குள்ள உக்காந்து என்ன பூஜை? சாமி அந்தப் பக்கம் இல்ல இருக்காரு."

சேதனா வந்துகொண்டிருந்தாள். தோளில் பை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் செருப்பு. காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. விருந்துக்கு லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அம்மா இறந்தபோது அவளுக்கு எட்டு வயது. அதற்கப்புறம் தலை பின்னிவிட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் அவள் காகு என்று கூப்பிடும் இந்தச் சித்திதான்.

அப்பாவின் கையில் வேரோடு செடி. சித்தி தரையில். சேதனா இரண்டையும் பார்த்தாள். அப்பாவின் கையிலிருந்த செடியை வாங்கி வேரைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. பெரிய வயலுக்குள் போய், தொங்கிக்கொண்டிருந்த ஒரு செடியைப் பிடுங்கி வந்தாள். வேர் பழுப்பாக இருந்தது.

"பப்பா, அரிவாள் கொடுங்க."

பாட்டிலின் மேல்பாதியை வெட்டி எறிந்தாள். மிச்சத் தண்ணீர் கண்ணாடி டம்ளரில் நிற்பதுபோல நின்றது. வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி பிடித்தாள்.

"என்ன ஜோசியமா?" என்றார் லீலாதர்.

"கொஞ்சம் பொறுங்க."

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெட்டுவாயிலிருந்து மெல்லிய வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கியது. பால் சொட்டியதுபோல. இன்னொரு நூல். அடியில் புகையாகச் சேர்ந்து தண்ணீர் மங்கியது.

"இது தண்ணி கூடிப்போன வாட்டம் இல்ல பப்பா. கிருமி. மண்ணுக்குள்ள இருக்கு. வேர் வழியா ஏறித் தண்டை அடைச்சிடும். செடி தாகத்துல சாகுது."

"மருந்து?"

"இதுக்குத் தெளிக்கிற மருந்து இல்ல."

வேறு தண்ணீரில் மாமியாரின் தண்டை வைத்தாள். எவ்வளவு நேரம் பார்த்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

ஹேம்லதாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் சேதனா அதை அணைத்தாள்.

"உடனே ஜெயிச்சதா நினைச்சுக்காத காகு. இந்த ஓரம் மேடு. தண்ணி நிக்காது. அதனாலகூடத் தப்பிச்சிருக்கலாம். ஒரு வரிசை நிக்கிறதை வெச்சு நாங்க எதையும் நம்ப மாட்டோம்."

"தெரியும். அதான் பள்ளத்துல, செடி செத்த குழியிலேயே ரெண்டு நட்டேன்."

"எப்போ?" என்றார் லீலாதர். அவர் வயலில் அவருக்குத் தெரியாமல் நடந்தவை கூடிக்கொண்டே போயின.

"நீங்க புனேவுக்குப் போனப்போ. ரெண்டுல ஒண்ணு செத்துப்போச்சு. கோலி. இன்னொண்ணு நிக்குது. ஊமை."

"ஊமையா?"

"சுடும்போது வெடிக்காது. சத்தமே வராது. அதனால ஊமை."

சேதனா அந்த ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் நடை மாறியிருந்தது. வேலை நினைப்பு வந்துவிட்டால் அவள் அப்படித்தான் வேகமாக நடப்பாள்.

"பப்பா, ஒண்ணு கேக்கவா? விதைக் காயை நீங்க எப்போ தேர்ந்தெடுப்பீங்க?"

"எப்பவும் போலத்தான். தசராவுக்கும் தீபாவளிக்கும் நடுவுல. சிவப்புத் துணி கட்டி விட்டுடுவேன். அது பழுக்கணுமே."

"எதைப் பார்த்துக் கட்டுவீங்க?"

"பளபளப்பு, பருமன், கோடு."

"சாப்பிட்டுப் பார்க்காம."

"சாதுர்மாசத்துல எப்படிச் சாப்பிடறது?"

சொன்ன பிறகுதான் தன் வார்த்தை அவருக்கே கேட்டது. ஊரில் மற்றவர்கள் அவரிடமிருந்துதான் விதை வாங்கினார்கள். பேண்டாளே வீட்டு விதை, விரதத்து வீட்டு விதை என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். வருடா வருடம் அழகான ஒரே செடி. அதன் பிள்ளைகளில் அழகான ஒன்று. அதன் பிள்ளைகளில் இன்னும் அழகான ஒன்று. எந்தக் காயும் யார் நாக்கிலும் படாமலே அம்மாவானது.

"ஊர் முழுக்க இருக்கிறது ஒரே குடும்பம் பப்பா. அக்கா தங்கச்சிகூட இல்ல, ஒரே முகம். ஒருத்தியைக் கொல்லத் தெரிஞ்ச கிருமிக்கு எல்லாரையும் கொல்லத் தெரியும். நாங்க நிலையத்துல காட்டுக் கத்தரி, சுண்டைச் செடின்னு எங்கெங்கயோ தேடிக்கிட்டிருக்கோம், இதைத் தாங்குற ரத்தம் கிடைக்குமான்னு. காகு அதை வயல் ஓரத்துல வளர்த்துக்கிட்டிருக்கா. இருக்கலாம். சோதிக்கணும்."

"சாப்பிட்டதுக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்?" என்றார் லீலாதர் பிடிவாதமாக.

"சம்பந்தம் இல்லதான்," என்றாள் ஹேம்லதா. "ஆனா நாக்கால பொறுக்கினா பத்து விதமான செடி மிஞ்சும் அண்ணா. ஒருத்தருக்குக் கசப்பு பிடிக்கும், எனக்கு இனிப்பு பிடிக்கும். கண்ணால பொறுக்கினா ஒண்ணுதான் மிஞ்சும். அதுக்குத்தான் சுட்டேன். திருட்டுத்தனமாத் தின்னணும்னு ஆசையில்ல."

"அந்த விரதம் இருந்ததாலதான் இவ இங்க நின்னு எனக்குப் பாடம் எடுக்கிறா." லீலாதர் மகளைக் காட்டினார். "அது தெரியுமா உனக்கு?"

சேதனா தலையைக் குனிந்துகொண்டாள். இதற்கு அவளுடைய நிலையத்தில் சோதனை கிடையாது.

ஹேம்லதா குனியவில்லை. "தெரியும். இவளுக்கு ஒண்ணுன்னா நானும் மலையேறிப் போய் நிப்பேன். அதனால இந்தச் செடிங்க சாகணும்னு இல்ல."

லீலாதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துப் பக்கம் போனார். இரண்டாம் செடி வேரோடு நின்றது.

அவர் போனதும் சேதனா சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காகு, ஊமை விதைக் காய் பழுத்ததும் ரெண்டு எனக்குக் கொடு. நிலையத்துக்கு எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போய்?"

"நோய் மண்ணுல வெச்சுப் பார்ப்போம். தாங்கினா நம்ம வெள்ளைக் கோட்டுக் காயோட சேர்ப்போம். முகம் நம்ம ஊரு முகம், ரத்தம் இதோட ரத்தம்."

"அங்க இதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"நம்பர் போடுவோம்."

"நம்பர். ஜெயில்ல போடற மாதிரி."

"காகு, எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"உங்க நிலையத்துப் பெரிய மேடம்கிட்ட கேட்டுட்டு வா. முதல்ல ஊமைன்னு பேரு, அடுத்து ஊர் பேரு, எங்கிட்டேர்ந்து வந்ததுன்னு என் பேரு. அதுக்குக் கீழ எந்த நம்பர் வேணா போடட்டும். சம்மதம்னா காய்."

"நான் உன் பொண்ணு மாதிரி. எங்கிட்டயே பேரம் பேசுறியா?"

"பொண்ணுக்குத் தலை பின்னிவிடுவேன். நிலையத்துக்குப் பேரம்தான்."

சேதனா சிரித்துவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் யோசனை இருந்தது. பெரிய மேடம் சுலபமாக விட்டுக்கொடுக்காதவர் என்பது அவளுக்குத் தெரியும்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கே வந்தார். நடுத்தர வயது, ஒல்லியான உடம்பு, பெரிய தொப்பி. லீலாதர் அவரோடு நடந்தார். பெண்கள் இருவரும் கொஞ்சம் பின்னால். அவர் காய்களைத் தொட்டுப் பார்த்தார், காம்பைத் திருப்பிப் பார்த்தார், விழுந்த பல் இடங்களையும் பார்த்தார். கிழக்கு ஓரத்துக்கு வந்ததும் நின்றார்.

"இது என்ன, மியூசியமா?"

லீலாதர் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். ஹேம்லதா அவர் வாயையே பார்த்தாள். 'களை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என் தம்பி பொண்டாட்டியோட வரிசை," என்றார் லீலாதர்.

அதிகாரி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "விவசாயி ரகத்துக்கு நாங்க கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் பேண்டாளேஜி. ஆனா ஒட்டுன மாதிரி பக்கத்துலயே முள்ளுக்காய் நின்னா, தேனீ சும்மா இருக்குமா? உங்க விதை சுத்தம்னு நான் எப்படி எழுதறது? இன்னிக்கு ராத்திரி பக்கத்து ஊர்லதான் தங்குறேன். காலையில இந்த வழியாத்தான் போவேன். அப்போ வரிசை இல்லேன்னா மேற்கொண்டு பார்ப்போம். இருந்தா, அடுத்த வருஷம் முதல்லேர்ந்து."

"எடுத்துடலாம் சார்," என்று சொல்ல ஊரில் ஆயிரம் வாய் உண்டு. லீலாதர் கையிலிருந்த முள் கீறலைத் தடவிக்கொண்டார்.

"பிடுங்கினா நான்தான் பிடுங்கணும்னு எனக்கு உத்தரவு," என்றார். "பார்ப்போம்."

அதிகாரிக்குப் புரியவில்லை. விரத வீட்டுச் சாப்பாட்டுக்கு நிற்க நேரமில்லை என்று மோர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

துவரைக் குச்சி நெருப்பு சடசடவென்று பிடித்தது. ஹேம்லதா காய்களைத் தணலில் அடுக்கினாள். பெரிய வயல் காய்கள் ஒரு பக்கம். தன் வரிசைக் காய்கள் மறுபக்கம். மறைக்கவில்லை, கேட்கவுமில்லை. தோல் கருகியதும் எடுத்து, நீரில் கை நனைத்து நனைத்து உரித்தாள். இரண்டு மரத்தொட்டி. பச்சை மிளகாய், பூண்டு, வேர்க்கடலை. சேதனா உலக்கை போட்டாள். வெங்காயத்தாளை மேலே தூவினார்கள்.

தட்டை மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள். "யேள்கோட் யேள்கோட் ஜய் மல்ஹார்" என்று கண்டோபாவைக் கூவினார் லீலாதர். மஞ்சள் பொடி பறந்து மூன்று நெற்றியிலும் விழுந்தது. தட்டில் இரண்டு பரித்தும் இருந்தன. அவர் பார்த்தார். கண்டோபா முன்னாலிருந்து எதையும் எடுத்துவிடச் சொல்லவில்லை.

பிறகு வேப்ப மர நிழலில் உட்கார்ந்தார்கள். பூரி, பரித், பச்சை வெங்காயம். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் வாய். லீலாதர் முதலில் பெரிய வயல் பரித்தை எடுத்தார். வெண்ணெய் போலக் கரைந்தது. மெதுவாகச் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது. பூண்டு தெரிந்தது, மிளகாய் தெரிந்தது, புகை தெரிந்தது. காயை மட்டும் வாய்க்குள் தேட வேண்டியிருந்தது.

மற்ற தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தார். முகம் சுளித்தது.

"கசக்குது."

"அது பட்டைக் காய். கொஞ்சம் கசக்கும். இன்னொரு ஓரத்துல எடுங்க."

எடுத்தார். மெல்லுவது நின்றது. சேதனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹேம்லதா முழங்கையால் அவளை இடித்தாள். லீலாதர் இன்னொரு பூரியைப் பிய்த்து, அதே ஓரத்தில் மறுபடி எடுத்தார். பிறகும் எடுத்தார். கேட்காமலே அந்தத் தொட்டி அவர் பக்கம் நகர்ந்தது.

"இது எது?"

"ஊமை."

"எங்கேர்ந்து வந்தது?"

"எங்க அம்மா வீட்டுக் கிணத்தடி. கிணறு தூர்ந்துபோச்சு."

"ம்."

வாழைத் தோட்டத்திலிருந்து காற்று வந்தது. பெரிய வயலில் மத்தியான வெயிலுக்கு இன்னும் பல செடிகள் தலையைப் போட்டன. லீலாதர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில அவர் வருவாரு," என்றார், யாரிடமென்று இல்லாமல். "இதுக்காக நான் ஏறாத ஆபீஸ் இல்ல."

"தெரியும் அண்ணா."

"தெரிஞ்சும் உக்காந்தே."

"காலையிலயும் உக்காருவேன். அவர் எதிர்லயும் உக்காருவேன். அதைச் சொல்லாம உங்களைச் சாப்பிட வெக்க எனக்கு இஷ்டமில்ல."

சேதனா நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள். ஹேம்லதாவின் முந்தானை இன்னும் தோளில்தான் இருந்தது. நெற்றியில் மஞ்சள், கையில் கரி. அவள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கணவனின் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"காலையில நீங்க என்ன முடிவு வேணா எடுங்க, நான் என் முடிவுல நிக்கிறேன். ஆனா வேற ஒண்ணு கேக்கணும். வர்ற வருஷம் தீபாவளிக்கு முன்னாடி, விதைக் காய்க்குத் துணி கட்டுற அன்னிக்கு, நான் இதே இடத்துல நெருப்பு போடுவேன். செடிக்கு ஒரு காய் சுடுவேன். என் நாக்கு மட்டும் போதாது. இந்த ஊர்க் காய் எப்படி இருக்கணும்னு தெரிஞ்ச நாக்கு உங்களோடது. அன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க எங்கூட உக்காந்து சாப்பிட்டுப் பார்க்கணும் அண்ணா."

லீலாதரின் கையில் பூரி பாதியில் நின்றது. யாருக்காக அந்த வாக்கைக் கொடுத்தாரோ, அந்த மகளைப் பார்த்தார்.